உறவு என்ன என்று கேட்ட கட்டம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. அக்காவின் சின்னவனுக்குப் பல் முளைத்து எல்லோர் விரலையும் பதம் பார்க்கிறான், என் விரலைக் கடித்தால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறான், மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற கை, எத்தனை சோப்புப் போட்டாலும் வார்னிஷ் வாசம் போகாது. உன் அறைக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொன்னேனே, போட்டாயா, வீட்டுக்காரர் முனகினால் நான் பேசுகிறேன்.

உன் கேஸ் விஷயம். அந்த இணைய விளம்பரத் தளத்துக்காரர்கள் தெரிந்தேதான் உன் படத்தை விட்டுவைத்தார்கள் என்று வக்கீலம்மா வழக்குப் போட்டார் அல்லவா, அதற்கு அவர்கள் போன வாரம் ஒரு தாளைக் கோர்ட்டில் கொடுத்தார்கள். நான் அனுப்பிய புகார் அது. நீ காணாமல் போன மூன்றாம் மாதம் பட்டறையில் கூட வேலை செய்கிறவர் போனை நீட்டி, "அண்ணே, இது நம்ம பாப்பா மாதிரி இருக்கே" என்றார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருபத்தொன்று என்று விளம்பரத்தில் போட்டிருந்தான், உன்னைக் கடத்திய பாவி. ஸ்டேஷனில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தளத்துக்கும் புகார் எழுதினேன். அதில் ஒரு கட்டம், படத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று. அப்போதுதான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, தெரியாதவர் என்று எழுதினேன், குட்டிம்மா. உன் வயதைக்கூட எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

அப்பா என்று எழுதியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்போம் என்கிறது கம்பெனி. அது பொய் என்கிறார் வக்கீலம்மா, இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் ஐந்து வாரம் அந்தப் படம் இருந்தது, அந்த ஐந்து வாரமும் நீ அந்தக் கடத்தல்காரர்கள் கையில் இருந்தாய். "ஐயா, ஏன் அப்படி எழுதினீங்கன்னு நீங்களே கூண்டுல ஏறிச் சொல்லிட்டா கேஸ் நிக்கும், மறைச்சா அதையே பிடிச்சுத் தொங்குவாங்க" என்றார் வக்கீலம்மா. சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு நேற்றுத்தான் தெரியும், ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். நீயும் அடுத்தவர் வாயால் கேட்பதற்கு முன் என் கையெழுத்தில் படித்துவிடு. மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். பதினேழாம் தேதி விசாரணை, ஞாபகம் வைத்துக்கொள். நீ வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. வந்தால் பின்வரிசையில் உட்கார். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, இந்தத் தடவை நான் பேசியே ஆக வேண்டும்.

உன் அப்பா