நுகத்தடி அகலம்

என் செல்லத் தம்பி சேது,

உன் ஒன்பது ஏக்கரையும் வெட்டி முடித்தாயிற்று. வேறெதையும் எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கருவை முள்மரம்கூட நிற்கவில்லை. கோரைப்புல் மண்டிய தரை, மொட்டை போட்ட தலை மாதிரி கிடக்கிறது. வரப்பில் ஏறி நின்றால் கிழக்கே கடற்கரைப் பனைகள் தெரிகின்றன என்று உன் பெண்டாட்டி பாண்டியம்மா சொல்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெட்டியது அவள்தான்.

வாயைப் பிளக்காதே. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். இதை ஒளித்துவைத்தும் எழுதவில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும். வேலுச்சாமி வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவனுக்கு உரக்கவே படித்துக் காட்டட்டும். பெரியப்பா மகன் என்றாலும் அவனை நான் அண்ணன் என்று எழுத மாட்டேன். நேரில் பேசும்போது அண்ணே என்பேன். அது வேறு.

உன் நிலத்துக்குப் போக அவன் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அய்யா காலத்தில் அது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. அய்யா கண்ணை மூடியதும்தான் இவனுக்குத் தன் மண்ணில் நம் வண்டித்தடம் பதிவது உறுத்தத் தொடங்கியது. ஊர் மந்தையில் பஞ்சாயத்து கூடியது. ஏர் மாடு ஒரு ஜோடி நுகத்தடியோடு போகிற அகலத்துக்குப் பாதை விடுவது, அதற்கு மேல் ஒரு விரற்கடை கேட்பதில்லை என்று முடிவாயிற்று. நீ முணுமுணுத்தாய். "வண்டி எப்படிக்கா போகும்?" என்று என் காதோரம் வந்து கேட்டாய்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். எனக்கு அது மறந்த நாளே இல்லை. "ஏரு போனாப் போதாதாலே? வெளஞ்சதத் தலச்சுமையாத் தூக்கிட்டுப் போவம். சண்ட வேணாம், கையெழுத்துப் போடு."

பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னையே எழுதவும் சொன்னார்கள். நுகத்தடி அகலம் என்று எழுதியது என் கைதான். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நிலம் என்றால் ஏர், ஏர் என்றால் மாடு, அதற்கு மேல் ஒரு பாதையில் என்ன போகப்போகிறது என்றுதான் அங்கே இருந்த அத்தனை பேரும் நினைத்தோம். மறுநாளே வேலுச்சாமி பாதையின் வாயில் இரண்டு கல்தூண்களை நட்டான். இடையில் உன் நுகத்தடியை வைத்து அளந்துதான் நட்டான். இரண்டு பக்கமும் முள்வேலி கட்டினான்.

பிறகு அந்தப் பகல் வந்தது. நீ கருவைத் தூரைத் தோண்டிக்கொண்டிருந்தபோது விரியன் பாம்பு போட்டது. வண்டிக்காரர் தகவல் கேட்டு அடித்துப் பிடித்து வந்துவிட்டார். வந்து என்ன? கல்லுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. அவன் நிலத்துப் படலைத் திறந்துவிட்டால் தரிசு வழியாக வண்டி உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். பாண்டியம்மா அவன் காலில் விழுந்தாள்.

"பஞ்சாயத்துல என்ன எழுதியிருக்காக? நுகத்தடி அகலம். ஒங்க மதினிதான எழுதுனாக? இன்னைக்கு வண்டிய விட்டா நாளைக்கு வழக்கமாயிரும் தாயி" என்றானாம்.

உன்னைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கினார்கள். கட்டிலும் இருபுறமும் ஆளுமாகப் பாதைக்குள் அடங்கவில்லை. கட்டிலை ஒருக்களித்துக்கொண்டு வந்தார்கள். கல்தூணிடம் நீ சரிந்தாய். மறுபடி தூக்கிப் படுக்க வைத்து, வண்டியில் ஏற்றி, முதுகுளத்தூர் ரோட்டைத் தொடுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பரமக்குடியில் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி உள்ளே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா? யாரிடம் கேட்பது இதை?

பதினாறாம் நாள் முடிந்ததும் அவன் ஆள் அனுப்பினான். நிலம் காடாகக் கிடக்கிறதாம், பொம்பளைகள் என்ன செய்வீர்கள், கொடுத்துவிடுங்கள் என்றானாம். உழ வந்தவர்களையும் தடுத்துவிட்டான். நானே அவன் வீட்டு வாசலுக்குப் போனேன். "அண்ணே, அந்தப் பாதையிலேயே வருவேன். ஒரு விரக்கட ஒங்க மண்ணத் தொட மாட்டேன். நீங்க நின்னு பாக்கணும்" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. நிலத்தைக் கருவை மூடிவிட்டது. மாடு கட்டி ஆகாது, ஆளும் வர மாட்டார்கள். யந்திரம்தான் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கைக்கு எப்படி வசதி வந்தது என்று கேட்காதே. என் கழுத்தும் காதும் இப்போது காற்றோட்டமாக இருக்கின்றன.

உன் நுகத்தடியை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். நீ மஞ்சணத்தி மரத்தில் செதுக்கியதே, அதேதான். கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். மாட்டேன் என்று மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். "ஏம்மா, மாடு எங்க?" என்றார். "பின்னாடி பஸ்ல வருது, டிக்கெட் போட்ருங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் தம்பி, நீ போன பிறகு அன்றைக்குத்தான்.

யந்திரக் கடைக்காரர் முதலில் காட்டியது ஒரு வேடிக்கை. ஏதோ மலைத்தோட்டத்து பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போன பிறகு விலைக்கு வந்ததாம். மேலே உட்கார்ந்துகொண்டே புல் வெட்டலாம். ஆசனத்துக்கு மெத்தைகூட இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்வானேன், இறங்க மனமில்லை. நுகத்தடியை வைத்தேன், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. "இது கருவைய வெட்டுமா?" என்று கேட்டேன். "புல்லுக்குத்தாம்மா" என்று அவர் தலையைச் சொறிந்தார். சக்கரம் ஒரு சாண்தான் இருந்தது. நம் கரிசல் வெடிப்பில் அது இறங்கினால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது சிவப்பு டிராக்டர், புத்தம் புதிது. தென்னையையே பிடுங்கும் என்றார். பிடுங்கும், ஒத்துக்கொள்கிறேன். நுகத்தடியை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் பிதுங்கியது. "பாதைய அகலப்படுத்திக்கங்கம்மா" என்று எனக்கே யோசனை சொன்னார். அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது.

கொட்டகைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் பழைய டிராக்டர் ஒன்று நின்றது. அதற்கடியில் படுத்திருந்த ஆள்தான் ஜமால் பாய். நம் கடற்கரைக்காரர். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலில் அவர் இஞ்சின் பார்த்த விசைப்படகும் போய்விட்டது. அதற்குப் பிறகு டிராக்டரைப் பிழைப்பாக்கிக்கொண்டவர். நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பொம்பளையைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். அதை வாங்கித் தானே குறுக்காக வைத்துப் பார்த்தார். பக்கத்துக்கு நாலு விரல் பிதுங்கியது.

"எதுக்கு டீச்சரம்மா இந்த அளவு?" என்றார். சொன்னேன். கட்டிலை ஒருக்களித்தது வரைக்கும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார்.

"சக்கரத்தக் கழட்டித் திருப்பி மாட்டுனா உள்ள போகும். பக்கத்துக்கு ரெண்டு வெரலு மிச்சம் நிக்கும்" என்றார். "ஆனா ஒடுக்கி ஓட்டுனா வரப்புல கொட சாஞ்சிரும். பாதையத் தாண்டுற மட்டும் ஒடுக்கி வைங்க. நெலத்துக்குள்ள போனதும் ஜாக்கி வச்சு அகட்டிக்கலாம். அங்கனயே ஒரு கொட்டக போட்டு நிறுத்திருங்க. நான் வாரேன்."

முள்ளுக்கு டயர் தாங்குமா என்றேன். பழைய டயரை அறுத்து உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார். கருவையை எதால் வெட்டுவது என்றேன். லாரியின் வில்பட்டை இரண்டைத் தீட்டிக் கத்தியாக்கினார். டிராக்டருக்குப் பின்னால் தரையோடு தரையாகச் சுழலும்படி மாட்டி, பீப்பாய்த் தகரத்தால் மூடியும் செய்தார். பெருந்தூருக்குச் சங்கிலி, கன்றுக்கும் கோரைக்கும் கத்தி. துரை வீட்டு மெத்தைதான் இல்லை. பாண்டியம்மா சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

ஓட்டுவதற்கு ஆள் தேடினேன். எல்லோரும் வேலுச்சாமியின் முகத்தைப் பார்த்தார்கள். பாண்டியம்மாதான், "நான் ஓட்டுறேன் மதினி" என்றாள். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் ஜமால் பாய் பத்து நாள் பழக்கிவிட்டார். பொம்பளை ஏரைத் தொட்டால் மழை போய்விடும் என்று ஊரில் ஒருவர் இழுத்தார். "இதுல ஏரு எங்கன இருக்கு? ஆசனம்ல இருக்கு" என்றாள் அவள். நீ இருந்தால் அவளைப் பார்த்துப் பயந்திருப்பாய்.

அந்தக் காலையில் ஊரே பாதையோரம் நின்றது. அவனும் நின்றான், கல்தூணில் கை வைத்துக்கொண்டு. நான் நுகத்தடியை நெஞ்சுக்கு நேரே குறுக்காகப் பிடித்து முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் அவள். கல்லிடம் வந்ததும் நான் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். டயருக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் இருந்தது. அவன் குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். அந்தப் பக்கம் போய் அங்கேயும் குனிந்து பார்த்தான்.

"சரியா இருக்காண்ணே?" என்றேன்.

அவன் கல்லை விட்டு விலகி நின்றான். பாண்டியம்மா அவன் முகத்துக்கு நேரே புகையை விட்டுவிட்டுப் போனாள். வேண்டுமென்று செய்தாளா, இஞ்சின் செய்ததா, நான் கேட்கவில்லை.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கருவைக்கு யார் நிலம் என்று தெரியாதே. அவன் ஆடுகள் காய்களைத் தின்று அவன் நிலம் முழுக்க விதைத்துவிட்டன. போன மாதம் என்னைத் தேடி வந்தான்.

"தங்கச்சி, நம்ம நெலத்துலயும் ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்தா…"

"ஓட்டலாம்ணே. ஆனா வண்டி பாதைய விட்டு எறங்கி ஒங்க மண்ணத் தொடக் கூடாதே. தீர்ப்புல எழுதியிருக்குல்ல? நான்தான எழுதுனேன்."

போய்விட்டான். மறுபடி வந்தான், மறுபடி இதையே சொன்னேன். எத்தனை முறை வந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். அவ்வளவு இனித்தது எனக்கு. அவன் நிலம் அவன் கண் முன்னாலேயே காடாகட்டும், அந்தக் கல் இரண்டும் யுகத்துக்கும் அங்கேயே நிற்கட்டும் என்று இருந்தேன்.

பாண்டியம்மாதான் அதைக் கெடுத்தாள். கத்தியிலிருந்து கோரையைப் பிடுங்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த ஆளுக்கு நீங்க சொல்ற பதிலெல்லாம் நல்லாத்தான் இருக்கு மதினி. ஆனா தெனமும் அங்கன போறது நான். கல்லு நின்னா, என் கட்டிலும் ஒருக்களிச்சுத்தான் போகும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது சேது. பழி வாங்குகிறேன் என்று, உன்னைக் கொன்ற அதே தீர்ப்பை நானே காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்காக அவனை மன்னித்தேன் என்று நினைத்துவிடாதே. ஆள் அனுப்பினேன். கல் இரண்டையும் பிடுங்க வேண்டும். சங்கிலியை அவன் தன் கையாலேயே கட்ட வேண்டும். பிடுங்கிய கல்லை அவன் வீட்டு வாசலில், நான் சொல்கிற அளவில் நட வேண்டும். இதற்கெல்லாம் சம்மதமானால் அவன் நிலத்தில் டிராக்டர் இறங்கும் என்றேன். மூன்று நாள் யோசித்தான். கருவை யோசிக்க விடவில்லை. வந்தான்.

மந்தையில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதினோம். பாதையின் அகலம் என்ன என்று தலைவர் கேட்டார். வண்டி அகலம் என்று எழுதச் சொன்னார்கள். நான் வேறு எழுதினேன். நோயாளியைப் படுக்கவைத்த கட்டிலும், தூக்குகிற ஆட்களும், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒருவரும் சேர்ந்து போகிற அகலம். இதைத்தான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அவன் கைநாட்டு வைத்தான்.

அவன் குனிந்து சங்கிலி கட்டினான், அவள் இழுத்தாள், கல் இரண்டும் பல் மாதிரி வந்தன. இப்போது அவன் தலைவாசலில் நிற்கின்றன. அவன் கூண்டு வண்டி உள்ளே போகாது. தெருவிலேயே இறங்கி நடந்துதான் போகிறான். ஒவ்வொரு முறையும் உன் நுகத்தடி அகலத்துக்குள் நுழைந்துதான் தன் வீட்டுக்குப் போகிறான். அந்த வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் கல்லைப் பிடுங்கிக் கொடுக்க டிராக்டர் வரும் என்று பாண்டியம்மா அவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். எனக்கு ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நான் நடக்கிற வரைக்கும், வெள்ளிக்கிழமைதோறும் உன் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போவேன். இரண்டு கல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பேன். ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் அவனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வேன்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், உன் கட்டிலைத் தூக்க வராமல் போனவள்,
அதே கையால் எழுதும்
உன் அக்கா