அப்பாவின் கன்னத்துக்கு ஒரு சின்ன பிரஷ்

அண்ணே,

வெந்நீர் டம்ளரில் ஊறப்போட்டிருக்கும் பிரஷ்ஷிலிருந்து நனைந்த ஆட்டின் வாடை வருகிறது. அடுப்படி முழுக்க அதுதான். புது பிரஷ் என்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். உன் பிரஷ்ஷில் இந்த வாடை வந்ததே இல்லை. அல்லது வந்து, நான்தான் கவனிக்கவில்லையா? இப்போது உன்னைப் பற்றி எதை நினைத்தாலும் கடைசியில் இப்படி ஒரு கேள்வியில்தான் போய் முட்டுகிறது.

ஜன்னல் ஓரத்தில் இன்னும் இரண்டு பிரஷ் கிடக்கின்றன. மூன்றையும் வாங்கியவன் நான். டப்பாவை அமுக்கினால் வரும் நுரையைப் பூசி, இரண்டு நிமிடத்தில் மழித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறவன், ஐம்பத்து மூன்று வயதில் சவர பிரஷ்ஷுக்காக மூன்று ஊர் அலைந்தேன் என்றால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

ஆனி மாதம் சாரல் தொடங்கிய வாரம். குற்றாலம் மெயின் அருவியில் போலீஸ் பந்தோபஸ்து முடிந்து ஆலங்குளம் வீட்டுக்குப் போனவன், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அப்படியே சரிந்தாய். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான். எண்பத்தாறு வயது, இடுப்பெலும்பு முறிந்து நான்கு வருடமாகக் கட்டில், இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை, இதயமும் சரியில்லை. தாங்க மாட்டார் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உனக்கு ஒரே மகள் என்பதால் கொள்ளி வைத்ததும் நான்தான். மொட்டைத் தலையோடு தென்காசிக்கு வந்து, வாசலிலேயே குளித்துவிட்டு, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, "அண்ணனுக்கு சீசன் பந்தோபஸ்துப்பா, லீவு தரமாட்டேங்கானுவ" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ வந்து அவருக்கு முகம் மழித்துவிடுவாய். பட்டாளத்தில் இருந்த மனிதர், தாடி வளர்ந்தால் சீக்காளி என்று தன்னையே திட்டிக்கொள்வார். கடையிலிருந்து ஆள் கூட்டி வருகிறேன் என்றால் கேட்கவே மாட்டார். "பெரியவன் வரட்டும்" என்பார். எனக்கும் அதில் நிம்மதிதான். கத்தி என்றாலே எனக்கு உதறல். என் கல்யாணத்தன்று காலையில் மழிக்கப் பயந்து நான் கண்ணாடி முன்னால் நின்றபோது, நீதான் என்னை முக்காலியில் உட்கார வைத்து நுரை போட்டாய். "ஆடாதலே. கழுத்து உன்னுது, கத்தி என்னுது" என்றாய். அந்த நுரையின் சூடு நன்றாக நினைவிருக்கிறது. பிரஷ் எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உன் உடுப்புகளை எல்லாம் அண்ணி ஒரு பையில் கட்டி, சடங்கு செய்தவரிடம் கொடுக்க எடுத்து வைத்தார். அப்பாவுக்காக எங்கள் வீட்டில் வைத்திருந்த உன் சவரப் பெட்டியைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தது என் கை. இனி யாருக்கு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தாடியைச் சொறிந்துகொண்டு, "அவன் எப்பம் வந்து, எப்பம் செய்ய? பெட்டிய எடுலே, நீயாவது செய்யி" என்றபோதுதான் உறைத்தது. அண்ணிக்கு போன் போட்டேன். சடங்கு செய்தவரிடம் திருப்பிக் கேட்கலாமா என்றேன். "அவுக பேரால குடுத்துட்டோம் தம்பி. கேக்கப்பிடாது" என்றார்.

என் நுரை டப்பாவை எடுத்துப் பூசிப் பார்த்தேன். "என்னலே இது, பல்லு வெளக்குத பசையா?" என்று அப்பா துடைத்து எறிந்துவிட்டார்.

தென்காசி ரத வீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கேட்டேன். "பிரஷ்ஷா? இப்பம் யாரு அண்ணாச்சி அதக் கேக்கா? உங்களுக்கா?" என்றான் கடைக்காரன்.

"எங்கப்பாவுக்கு."

"அப்பம் பெருசா எடுங்க. நொரை சும்மா பொங்கும்."

பொங்கத்தான் செய்தது. பல் இல்லாமல் ஒட்டிப்போன கன்னத்தில் அந்தப் பெரிய பிரஷ்ஷைச் சுழற்றினால் கன்னத்தில் பாதி, மூக்கிலும் வாயிலும் மீதி. "ஏலே, செவுத்துக்கு வெள்ளையடிக்கியா?" என்று துப்பினார். சின்னதாக வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. செங்கோட்டையில் ஒரு கடையில் சின்னது கிடைத்தது. பன்றி முடி, பழகப் பழகத்தான் மெதுவாகும் என்றார்கள். அது பழகும்வரை அப்பாவின் தோல் தாங்குமா என்று நான் யோசிக்கவில்லை. ஒரே நாளில் தாடை சிவந்துவிட்டது. மூன்றாவது, குற்றாலத்தில் ஒரு சீசன் கடையில் வாங்கியது. கட்டைவிரல் அளவு, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் கன்னத்தில் வைத்தவுடன் மடங்கிப் படுத்துக்கொண்டது, நுரையும் எழவில்லை. பெரிது, சின்னது, முரடு, மெது என்று எல்லாம் குழம்பிப்போய், உன்னுடையது என்ன ஜாதி பிரஷ் என்று அண்ணியிடமே மறுபடி கேட்டேன்.

"அதுல என்ன தம்பி இருக்கு. கடையில கெடச்சதத்தான் வாங்கினாவ. முடிக்கு அடியில தைக்கிற நூல இறுக்கிச் சுத்தி வச்சிருப்பாவ. அப்பந்தான் விரியாது, மடங்காதுன்னு சொல்லுவாவ."

அந்த நூலை நான் நான்கு வருடம் பார்த்திருக்கிறேன், அண்ணே. பிரஷ் உடைந்துவிட்டது, கஞ்சப்பயல் கட்டி வைத்து ஓட்டுகிறான் என்றே நினைத்திருந்தேன். உன்னைப் பற்றி இன்னும் எதையெல்லாம் இப்படிப் பார்த்துவிட்டுத் தப்பாக நினைத்திருக்கிறேனோ தெரியவில்லை.

போன ஞாயிறு குற்றாலத்தில் வாங்கிய அந்த மெத்தென்ற சின்ன பிரஷ்ஷில் கறுப்பு நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றினேன். நிமிர்ந்து நின்றது. அப்பாவின் கன்னக் குழிக்குள் அழகாகப் போய் வந்தது. மீசை இடத்தில்கூட மூக்கில் படாமல் நுரை நின்றது. எனக்கு ஒரே பெருமை. முகத்தை அவருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கத்தியை வைக்கப் போனேன். அவர் பிடிமானத்துக்குக் கையை நீட்டி என் தலையைப் பிடித்தார். முளைத்துக்கொண்டிருந்த முடியில் அவர் விரல்கள் நின்றுவிட்டன.

"மொட்டையா போட்ட?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

"பதினாறு நாளு வீட்டுல மணிச் சத்தம் கேக்கல்ல" என்றார்.

தெருமுனையிலேயே நின்று துக்கம் கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினோம். அழ வேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிட்டு அழுதோம். ஆனால் தீட்டு என்று என் மனைவி காலைப் பூஜையை நிறுத்தியிருந்தாள். கண் தெரியாத மனிதர் அந்த மணியைக் கேட்டுத்தான் பொழுது விடிந்ததைத் தெரிந்துகொள்வார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அவனுக்குப் பொட்டப்புள்ளதானலே. கொள்ளி நீதான வச்ச?"

"ஆமாப்பா."

முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. "தண்ணி ஆறுது. செய்யி" என்றார். அழுதுகொண்டேதான் மழித்தேன். தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் வெட்டிவிட்டது. அவர் முகத்தைச் சுளிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாரம் முழுவதும் உன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்று காலை என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். வெந்நீரைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

"பெரியவன் வருதானா?" என்றார்.

மறந்துவிட்டாரா? என்னைச் சோதிக்கிறாரா? அல்லது நான் சொன்ன பொய்தான் அவருக்கு இனி வேண்டுமா? முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் எதைப் படிக்க முடியும்? உனக்காவது தெரிந்திருக்கும். இத்தனை வருடம் அவர் முகத்தைக் கையில் பிடித்தவன் நீ. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அண்ணே?

"இல்லப்பா" என்றேன். "இன்னும் லீவு தரல்ல."

அவர் மோவாயைத் தூக்கிக் கொடுத்தார். "சரி. அவன் வார வரைக்கும் நீயே செய்யி."

செய்துகொண்டிருக்கிறேன், அண்ணே. நீ வரும் வரைக்கும் நானே செய்கிறேன்.