கையால் கொடுத்த மூச்சு

12.8.2003, செவ்வாய். ஜெயங்கொண்டம்.

முந்திரித்தோப்பு செல்வராசுக்கு இனி வழியில்லை என்று திருச்சி ஐ.சி.யூ.வில் சொல்லிவிட்டார்கள். மகன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு நான்தான் டாக்டர். "உயிரோட வூட்டுக்குக் கொண்டு போயிடலாம்" என்றேன். அவர் மனைவியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான்.

வென்டிலேட்டரைக் கழற்றி, ஆம்புலன்ஸில் வழி முழுக்க மூச்சுப் பையை நானே அமுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக் கட்டிலில் கிடத்தியதும் மூத்தவன் கண்ணைக் காட்டினான். கையை எடுத்தேன்.

"கை வலிக்குதுங்களா சார்? நீங்க உக்காருங்க, நான் அமுக்குறேன்" என்று அந்தம்மா ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

நிறுத்தச் சொல்லாமலே வந்துவிட்டேன். பெரிய டாக்டர்! இரவு மணி பதினொன்று. இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருப்பார்.