மொட்டைமாடிக்கு அடித்த வெள்ளை

சித்திரை, செவ்வாய் இரவு

ஏசி வாங்காமல் கோடையைத் தள்ளிவிடலாம் என்று, நேற்று மொட்டைமாடிக்கு வெயில் இறங்காத வெள்ளை பெயிண்ட் அடிக்கவைத்தேன். எங்கள் தெருவில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். அதை விட்டால் கல்யாணத்துக்குத்தான்.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை துணி எடுக்க அவர்கள் மாடிக்கு வந்தார். பார்த்ததும் அம்மாவிடம், "என்ன மதினி, சத்தமில்லாம வெள்ளையடிச்சிருக்கீக. நம்ம புள்ளைக்கு மாப்பிள்ளை எந்தூரு?" என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ள சூடு இறங்காம இருக்க அடிச்சது அத்தை" என்றேன்.

அம்மா சிரித்தாள். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

வீடு நிஜமாகவே குளிர்ந்திருக்கிறது. ஃபேனைக்கூடக் குறைத்துவிட்டேன். அம்மாதான் தூங்காமல், முந்தானையால் விசிறிக்கொண்டே படுத்திருக்கிறாள்.