ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

என் அன்பு அம்மாவுக்கு,

எனக்கு ஒன்பது வயதில் இறந்து போனவள் நீ. இருபது வருஷம் கழித்து, இன்றைக்குத்தான் ஒன்றைச் சொல்லத் துணிவு வந்தது.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒத்துவரவில்லை. யார் மேல் தப்பு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் மேல் என்றுதான் எழுதுவேன். பிள்ளை கண்ணனுக்கு ஐந்து வயது. என்னோடு இருக்கட்டும், தகப்பன் ஞாயிறுதோறும் வந்து பார்க்கலாம் என்று பஞ்சாயத்தில் முடித்தார்கள். கேரித் தீவுத் தோட்டத்திலிருந்து சம்பான் படகு ஏறி, ரயில் ஏறி, இங்கே பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர அவருக்குப் பாதி நாள் ஆகிறது. மூன்று வாரமாக வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

இன்றும், "கண்ணன் தூங்குறான். அடுத்த வாரம் வாங்க," என்றேன்.

"சரி, எழுப்பாத," என்று கச்சான் கடலைப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்தால், உட்கார்ந்திருந்த பிள்ளை அவசரமாகப் பாயில் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். என் பொய்யைக் காப்பாற்றத்தான். இமை மட்டும் துடித்தது.

அம்மா, இதே ரயில்வே லயத்து வரிசை வீடுகளில், அப்பா வீட்டில், நானும் அப்படித்தான் கிடந்தேன். நீ கிள்ளான் ரப்பர் தோட்டத்திலிருந்து வருவாய். "புள்ள தூங்குது," என்பாள் அப்பா இரண்டாவதாகக் கட்டிய சின்னம்மா. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கனவில் கேட்பதுபோல் கேட்கும்: "தூங்கட்டும், வளர்ற புள்ள."

ஒரு ஞாயிறும் நான் தூங்கவில்லை. சின்னம்மா மிரட்டினாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மிரட்டவில்லை. உன் சேலையில் ரப்பர் பால் வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். நீ போனால் போதும் என்று கிடந்தேன். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் மறுவாரமும் வந்தாயா?

அதை நினைத்ததும் இன்று அவர் பின்னாலேயே, செருப்புப் போடாமல், ரிக்‌ஷாக்களுக்குக் குறுக்கே ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் அவரைப் பிடித்தேன். "முழிச்சிட்டான், வாங்க," என்றேன்.

இப்போது அவரும் பிள்ளையும் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள். தரையில் வெயில் மெல்ல நகர்கிறது. பிள்ளையோடு அப்படியே ரயில் ஏறிவிடுவாரோ என்று வரிக்கு ஒரு தரம் வாசலை எட்டிப் பார்க்கிறேன். ஒரு பிற்பகலையே என்னால் தாங்க முடியவில்லை. நீ எத்தனை வருஷம் தாங்கினாய்?

அடுத்த ஞாயிறு நானே கண்ணனுக்குத் தலை சீவி, வாசலில் உட்கார வைப்பேன். அவன் தன் அப்பாவை நன்றாகப் பார்க்கட்டும். இது உன் மேல் சத்தியம். எனக்கு உன் குரல் மட்டும்தான் நினைவிருக்கிறது அம்மா, முகம் வரவில்லை.

உன் ஒரே மகள்,
செல்லம்மா