பிரேக் எட்ட வேண்டும்

அன்புள்ள செல்லம்மாளுக்கு, கோயம்புத்தூரிலிருந்து கன்னியப்பன் தன் கையாலேயே எழுதுவது. நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா?

நான் காவல் இருக்கும் பந்தயத் திடலில், துருப்பிடித்த இரண்டு கோ-கார்ட் வண்டிகளைப் பிரித்து நம் பேத்தி சௌந்தர்யாவுக்கு ஒன்றாக்கியிருக்கிறேன். இந்தக் குட்டிக் காருக்குக் கியரே இல்லை, சைக்கிள் போலச் சங்கிலிதான் இழுக்கிறது, தெரியுமா?

"பாப்பாவுக்கு பிரேக் எட்டுமாங்க? எட்டலைன்னா வண்டிய குடுக்க மாட்டேன்" என்றார் முதலாளி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த பழக்கத்தில், பையிலிருந்த அவள் பாதம் வரைந்த தாளை நீட்டினேன். "பெரியவரே, செருப்பா தைக்கறோம்?" என்று சிரித்தார். அதுவும் போன வருடத்துத் தாள்.

அவள் இடுப்பிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து, அந்த நூலை அனுப்பு. உன் பாதத்தையும் வரைந்து அதோடு வை. சீட்டுக்கு வாங்கிய தோலில் மீதி இருக்கிறது.

காவல் மாற்ற வந்த ஆள் கூப்பிடுகிறார்.

கன்னியப்பன்