ஈஸ்ட் போட மறந்த கஞ்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் கொஞ்சமாவது தேறியிருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் தினமும் எழுந்திருக்கிறோம். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதைச் சொல்லத்தான் அம்மா என்னிடம் வாயைத் திறக்கிறாள், மற்றபடி மூன்று வாரமாகப் பேச்சில்லை. காரணம் உனக்கே தெரியும். இதயம் சரியாக உருவாகாமல் பிறந்த குழந்தை இரண்டாம் நாளே போய்விட்டது என்று நீ போனில் அழுதபோது, நேரத்துக்குச் சாப்பிடாம ஓடிக்கிட்டே இருந்தா இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டேன். நாக்கா அது.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. ஆய்வுக்கூடத்துப் பழ ஈக்களுக்கு இருபது வருஷமாகக் கஞ்சி காய்ச்சுகிறவன், அன்று அதில் சத்துக்காகச் சேர்க்கிற ஈஸ்ட்டைப் போட மறந்துவிட்டேன். முட்டையிலிருந்து வந்த புழுக்கள் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்து, தாமதமாக ஈயாகி வந்தபோது ஒவ்வொன்றும் வழக்கமான உருவத்தில் பாதிதான் இருந்தது. அங்கே ஆராய்ச்சி செய்கிற மேடம் திட்டவில்லை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரண்டு இறக்கை, இரண்டு சிவந்த கண், முதுகில் நான்கு பெரிய முடி, எல்லாம் அதனதன் இடத்தில். உறுப்பை உருவாக்கும் மரபணுவுக்குப் பல நேரம் இரண்டு சுவிட்சு இருக்கும், ஒன்று தடுமாறினால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும் என்றார். அப்படியென்றால் என் பேத்திக்கு மட்டும் ஏன் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு காவல் இருந்தாலும் எங்கேயோ ஒண்ணு தானா தவறிடுதுங்க, ஏன்னு பெரும்பாலும் எங்களுக்கே தெரியறதில்ல, ஈயை வச்சு மனுஷனுக்கு எல்லாம் சொல்லவும் முடியாது, ஆனா ஒரு வேளை சாப்பிடாததாலதான்னு பெத்தவள யாரும் சொல்லக்கூடாது என்றார்.

நான் சொல்லிவிட்டேனே, கண்ணு. அந்த ஈக்களைப் பட்டினி போட்டது நான், அவைகூட என்மேல் பழி வைக்காமல் முழுசாக வந்தன. நான் பெற்ற பிள்ளைமேல் பழியைப் போட்டேன். உன்னால் ஆனதில்லை அம்மா. என்னை மன்னித்துவிடு.

குழந்தை பிறக்கும் முன்பே அம்மா தபாலில் போட்ட பார்சல் இனிமேல்தான் வந்து சேரும். உள்ளே சின்னக் காலுறைகள். நீ பிரிக்காதே, மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும். வழக்கமாகக் கடைசி வரியில் நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதுவேன். இந்த முறை அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பசிக்கும்போது சாப்பிடு.

உன் அப்பா